காஞ்சிபுரத்துக்கு மேல் ஏழு சுற்று

புதிதாக விமானம் ஓட்ட வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எதை எழுதுவது? எந்தக் கருவி என்ன காட்டும், எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓட்டிய விமானங்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய், பாத்திரமாகி, இந்நேரம் யார் வீட்டிலோ அவற்றில் சோறு வெந்துகொண்டிருக்கும். ஆகவே நான் தப்பு செய்த இரண்டு நாட்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சரியாகச் செய்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அன்றெல்லாம் வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

முதல் தப்பு அறுபதுகளில் நடந்தது. நான் துணை விமானியாகச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. மூக்குப்பொடி போடும் ஒரு தலைமை விமானியோடு டகோட்டா விமானத்தில் திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர் பேரப்பிள்ளைகள் பொடி விஷயத்துக்காக என்மேல் கோபித்துக்கொள்வார்கள். நடு வழியில் ஒரு எஞ்சினின் எண்ணெய் அழுத்தம் மளமளவென்று இறங்கியது. நான் பெரிய புலி என்ற நினைப்பில் சட்டென்று கையை நீட்டி எஞ்சினை நிறுத்தப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமல், இன்னொரு கையால் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை பொடி போட்டு, தும்மி, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“எந்த எஞ்சின் கெட்டுப் போச்சு?”

“இடது சார்.”

“உன் கை எங்க இருக்குது?”

பார்த்தேன். என் கை வலது எஞ்சினின் நெம்புகோல் மேல் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நான் கொல்லப் பார்த்திருக்கிறேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். “இனிமே ஏதாவது ஆச்சுன்னா முதல்ல ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சிக்க. அப்புறமா யோசி” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு ஆபத்து என்று வந்த எல்லா நேரத்திலும் முதல் பத்து விநாடி என் கை மேல்தான் உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவர்களுக்கு அசட்டுத்தனமாகத்தான் இருந்திருக்கும்.

கை செய்யும் தப்புக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது. இரண்டாவது தப்பு மனசு செய்தது. அதற்காகத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

நான் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையத்துக்காரன். அப்பா பட்டு நெய்தவர். நெசவாளி மகன் விமானம் ஓட்டப் போனது எப்படி என்று கேட்பீர்கள். ஒரு சரிகை வியாபாரியின் பிடிவாதமும் அரசாங்க உதவித்தொகையும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தலைமை விமானி ஆகிவிட்டேன். குடும்பத்தாருக்கு இலவச டிக்கெட் உண்டு. அம்மா ஒரு தடவை மதுரைக்குப் போய் வந்து, தெருவில் இரண்டு மாதம் அதையே பேசினாள். அப்பாவை மட்டும் அசைக்க முடியவில்லை. தறியில் பாவு நூல் ஏறியிருக்கும்போது அவர் ஊரை விட்டு நகர மாட்டார். ஒரு பாவில் மூன்று சேலை வரும். மூன்றையும் நெய்து அறுத்துக் கொடுத்து, அடுத்த பாவு ஏறுவதற்கு இடையில் கிடைக்கும் சில நாட்கள்தான் அவருக்கு விடுமுறை. அந்த நாட்களிலும் தறியைத் துடைத்துக்கொண்டும் கயிறு மாற்றிக்கொண்டும் இருப்பார்.

ஒரு வைகாசியில் அதிசயமாகப் பெங்களூரில் இருந்த அத்தை வீட்டுக்கு ரயிலில் போனார். பத்து நாள் தங்கினார். திரும்பி வரும்போது என் விமானத்தில்தான் வர வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். எத்தனையோ முன்பின் தெரியாதவர்களை ஏற்றி இறக்கியவன், பெற்றவரை ஒரு தடவை ஏற்றக் கூடாதா? கடைசியில் சரி என்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. மூன்றாவது வரிசையில் வலது பக்க ஜன்னலோரத்தில் நானே உட்கார வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் எஞ்சினின் விசிறி சுற்றுவது தெரியும். ஊருக்கு மேலே போகும்போது ஊரும் தெரியும். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. விமானத்துக்கு நானே சொந்தக்காரன் போல நடந்து போனேன்.

பகல் இரண்டு மணிக்குப் பெங்களூரை விட்டுக் கிளம்பினோம். எனக்குத் துணை விமானி ஒரு நெல்லூர்க்காரர். என்னைவிட ஏழு வயது சின்னவர், அதிகம் பேசாதவர். பயணிகளைப் பார்த்துக்கொள்ள ஸ்டெல்லா என்ற பணிப்பெண். வாலாஜாபாத் பொண்ணு; எங்கள் பக்கத்து ஊர் என்பதால் அப்பாவுக்கு இரண்டாவது காபி கொடுத்தார். வழியில் திருப்புட்குழி தாண்டிக் காஞ்சிபுரம் வந்ததும் இறக்கையைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினேன்; மேகம் மறைத்து ஊர் தெரியவில்லை, போகட்டும் என்று விட்டேன். அதுவரை எல்லாம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

மீனம்பாக்கத்தை நெருங்கிச் சக்கரங்களை இறக்கினோம். மூன்று பச்சை விளக்கு எரிய வேண்டும். மூக்குச் சக்கரத்துக்குப் பச்சை. இடதுக்குப் பச்சை. வலதுக்குச் சிவப்பு.

கை மேல் உட்கார்ந்தேன். யோசித்தேன். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். அந்த விவரம் உங்களுக்கு வேண்டாம். அவசரத்துக்கு வைத்திருக்கும் காற்றழுத்தத்தையும் திறந்துவிட்டுப் பார்த்தோம். சிவப்பு போகவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்காரர்கள் பார்ப்பதற்காக ஓடுபாதை மேல் தாழப் பறந்தோம். வலது கால் இறங்கியிருக்கிறது, ஆனால் நேராக நிற்கவில்லை, கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார்கள். அதாவது பூட்டவில்லை. எடை ஏறினால் மடங்கும். காற்றைத் திறந்துவிட்ட பிறகு மற்ற கால்களை மேலே இழுக்கவும் முடியாது அந்த விமானத்தில். இரண்டரைக் காலோடுதான் இறங்க வேண்டும்.

அடுத்த பயணத்துக்கும் சேர்த்துப் பெங்களூரிலேயே எரிபொருள் நிரப்பியிருந்தோம். அத்தனை பாரத்தோடும் அத்தனை எரிபொருளோடும் இறங்குவது முட்டாள்தனம். மற்ற விமானங்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் மேற்கே போய்ச் சுற்றி எரித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். எங்கே சுற்றுகிறீர்கள் என்று கேட்டார்கள். என் வாயில் வந்த பெயர் காஞ்சிபுரம்.

வடக்கே ஊர், தெற்கே திருமுக்கூடல். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடத்தில் தண்ணீர் ஒரு நூல் அளவுக்கு ஓடியது, மற்றதெல்லாம் மணல். நான் குளித்து விளையாடிய இடங்களைச் சாகப் போகிறேனோ என்ற யோசனையோடு ஏழு தடவை பார்த்தேன். அந்த வேதனை எதிரிக்கும் வேண்டாம்.

இங்கே என் தப்பு ஆரம்பமாகிறது. பயணிகளுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் அறிவிப்பெல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். வலது சக்கரத்தில் கோளாறு, இறங்கும்போது குனிந்து தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள், செருப்பையும் கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள் என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். நம் பக்கத்து விமானிகள் நெருக்கடி நேரத்தில் கூடவே தமிழிலும் சொல்வார்கள். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அப்பாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, இந்தியும் தெரியாது. தமிழும் கொஞ்சம் தெலுங்கும்தான். தமிழில் சொன்னால் அவர் தெரிந்துகொள்வார், பயப்படுவார்.

ஸ்டெல்லாவை உள்ளே கூப்பிட்டேன்.

“முன் வரிசைக்காரங்களை எல்லாம் பின்னால மாத்தி உட்கார வை. விசிறிக்கு நேரா இருக்கிற இடத்துல ஒருத்தரும் இருக்கக் கூடாது. எங்கப்பாவையும் மாத்து. ஆனா அவர்கிட்ட எதுவும் சொல்லாத. தமிழ்ல ஒண்ணும் பேச வேணாம்.”

“சார், இன்னும் அஞ்சாறு பேருக்கு இங்கிலீஷ் தெரியாது சார். நூல் வியாபாரிங்க குடும்பம் ஒண்ணு இருக்குது.”

“சொன்னதைச் செய்ம்மா.”

அவர் முகம் சுருங்கியது. போய்விட்டார். நூறு சதவீதம் தெரிந்துதான் அந்த உத்தரவைப் போட்டேன். ஒருவர் பயப்படக் கூடாது என்பதற்காக ஆறு பேருக்குக் குனியச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவன் லைசென்ஸைப் பிடுங்குங்கள் என்று நானே எழுதியிருப்பேன்.

மூன்றாவது சுற்றில் ஸ்டெல்லா மறுபடி வந்தார். “சார், உங்கப்பா ஒரு சேதி சொல்லி அனுப்பினாரு.”

“என்னவாம்?”

“ரெண்டு மூணு சுத்து போதுமாம். ஊரை நல்லா பார்த்துட்டாராம். மத்தவங்களுக்கு வேலை வெட்டி இருக்குமாம், எனக்காக எல்லாரையும் காக்க வெக்காதேன்னு சொல்லச் சொன்னாரு.”

நெல்லூர்க்காரரே சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் நீர் வந்தது. மனுஷன் நான் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்! ஒரு பக்கம் இத்தனை வெகுளியா என்று எரிச்சல். இன்னொரு பக்கம், அவருக்குத் தெரியவில்லை, பயமில்லாமல் இருக்கிறார் என்று பெரிய ஆறுதல். மார்பில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. இனி என் வேலையைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

வேலை என்னவென்றால், வலது எஞ்சினை எப்போது நிறுத்துவது என்பதுதான். வலது கால் மடங்கினால் அந்தப் பக்கத்து விசிறி தரையில் அடிக்கும். சுற்றுகிற விசிறி அடித்தால் அதன் தகடு உடைந்து, பயணிகள் உட்கார்ந்திருக்கும் சுவரைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். நின்றிருக்கும் விசிறி அடித்தால் வளையும், அவ்வளவுதான். ஆகவே தரையைத் தொடும் முன்பு அந்த எஞ்சினை நிறுத்திவிட வேண்டும் என்று புத்தகம் சொல்லும். எவ்வளவு முன்பு என்று சொல்லாது. சீக்கிரம் நிறுத்தினால் விசிறியின் ஆபத்து நிச்சயமாகப் போய்விடும். ஆனால் இறங்கும்போது ஏதாவது பிசகினால், சக்கரமெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் ஒற்றை எஞ்சினோடு மறுபடி மேலே ஏற முடியாது. தாமதமாக நிறுத்தினால் ஏறும் வழி கடைசிவரை இருக்கும். ஆனால் விசிறி நிற்பதற்குள் தரை வந்துவிடலாம்.

நான் சொன்னேன்: “ஆயிரம் அடியிலேயே வலதை நிறுத்திடுவோம். தரைக்கு மேல வந்ததும், தொடறதுக்கு முன்னாடியே இடதையும் நிறுத்திடுவோம்.”

நெல்லூர்க்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஜன்னலைப் பார்த்தார். அரைச் சுற்று முடிந்திருக்கும்.

“சார், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“உங்க நைனா இந்த ப்ளேன்ல இல்லேன்னா, வலது எஞ்சினை எங்க நிறுத்துவீங்க?”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “உங்க வேலையைப் பாருங்க” என்று கத்தினேன். அவர் சரி சார் என்று கருவிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு முழுச் சுற்று போனது. கீழே ஏகாம்பரநாதர் கோபுரம் வந்தது, போயிற்று. சின்ன காஞ்சிபுரத்துக் கோபுரத்துக்குத் திருப்பணிக்காகச் சாரம் கட்டி, உச்சிவரை ஓலைத் தட்டியால் மூடியிருந்தார்கள். போன வாரம் அந்த வழியாகப் பறந்தபோது அது இல்லை. ஏதோ முகத்தை மூடிக்கொண்டு நிற்பது போல இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்ட கேள்விக்கு எனக்குள் பதில் சொல்லிப் பார்த்தேன். பதில் உடனே வந்தது. அதுதான் வெட்கம். அது எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

“ஓடுபாதை நமக்கு அடியில வந்த பிறகு” என்றேன்.

“அப்போ அங்கயே நிறுத்தலாம் சார்” என்றார். அவ்வளவுதான். ஜெயித்த களிப்பு முகத்தில் இல்லை. இடது எஞ்சினைச் சக்கரம் தரையில் ஓடத் தொடங்கிய பிறகு, நான் சொன்னதும் நிறுத்துவதாகப் பேசிக்கொண்டோம்.

ஏழாவது சுற்று முடித்துக் கிழக்கே திரும்பினோம். கோடையில் மெட்ராஸில் மத்தியானம் வரை மேல்காற்று அடிக்கும். பிறகு எந்த நிமிடம் என்று சொல்ல முடியாமல் கடல்காற்று திரும்பும். அந்த ஊர் விமானி ஒவ்வொருவருக்கும் இது தெரியும். மேல்காற்றுக்கு எதிராகக் கடல் பக்கத்திலிருந்து நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது முன்னூறு அடியில் அது திரும்பியது. எதிரில் இருந்த காற்று முதுகுக்கு வந்துவிட்டது. விமானம் இறங்க மறுத்து மிதந்தது, வலது பக்கம் ஒதுங்கியது. ஓடுபாதையில் பாதி போய்விட்டது. அந்த வேகத்தில் இறங்கியிருந்தால் பாதை முடிந்து வேலியைத் தாண்டிப் போயிருப்போம். “ஏறுவோம்” என்றேன். இரண்டு எஞ்சினும் உறுமின. ஏறினோம்.

ஆயிரம் அடியில் வலதை நிறுத்தியிருந்தால் ஏறியிருக்க முடியாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இரண்டாம் முறை எதிர்ப்பக்கத்திலிருந்து, கடல்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வந்தோம். ஓடுபாதை அடியில் வந்ததும் “வலது” என்றேன். அவர் கை போன இடத்தை நான் பார்த்தேன், சரியான இடம். விசிறி தயங்கித் தயங்கி நின்றது. இடது சக்கரம் தொட்டது. வலது இறக்கையை எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்க முடியுமோ பிடித்தேன். பிறகு வலது சக்கரமும் தொட்டது. ஒரு கணம் தாங்கியது. தாங்கிவிடும் என்று நினைத்தேன். மெல்ல மடங்கியது. “இடது” என்றேன். எஞ்சின் சத்தம் ஓய்ந்தது. பிறகு தகரத்தைத் தெருவில் இழுக்கும் சத்தம் மட்டும் இருந்தது. வலது பக்கம் திரும்பிப் புல்லில் போய் நின்றோம். தீப்பிடிக்கவில்லை.

ஒருவருக்கு மணிக்கட்டு பிசகியது. வேறு காயம் இல்லை. நின்றிருந்த விசிறியின் இரண்டு தகடுகள் மடங்கியிருந்தன, மூன்றாவது வரிசைச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. விசாரித்த அதிகாரிகளுக்கு ஓர் ஆச்சரியம்: இங்கிலீஷ் தெரியாத பயணிகள் உட்பட அத்தனை பேரும் ஒழுங்காகக் குனிந்திருந்தார்களாம். என் உத்தரவை மீறி ஸ்டெல்லா சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். என் தவறை ஒப்புக்கொள்ளத் தைரியம் இல்லாமல், அவரைப் புகழ்ந்து அறிக்கை எழுதினேன். அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. நெல்லூர்க்காரர் கேட்ட கேள்வியையும் அறிக்கையில் எழுதவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா செருப்பில்லாமல், மஞ்சள் பையும் இல்லாமல் புல்லில் நின்றிருந்தார். ஓடிப் போனேன். துண்டை எடுத்து என் நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

“கடைசியில கால் மடங்கிடுச்சு போல இருக்குதே?”

“ஆமாம்பா.”

“பரவால்ல. நல்லா எறக்கிட்ட.”

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வழியாக பஸ்ஸில் ஊருக்குப் போனேன். தெருவே கூடிவிட்டது. அப்பா பேசி நான் அவ்வளவு கேட்டதில்லை. “எனக்காவ ஏழு சுத்து சுத்திக் காமிச்சாம்பா! பாலாறு தெரியுது, நம்ம தெரு தெரியுது. சின்ன காஞ்சிபுரத்துக் கோபுரம் இருக்குது பாரு, அந்தக் கலசம் ஏழும் வெயில்ல தகதகன்னு மின்னிக்கினு இருக்குது. காணக் கண் கோடி வேணும்!”

எதிர் வீட்டுக்காரர் விடவில்லை. “யோவ், அந்தக் கோபுரத்துக்குச் சாரம் கட்டி, ஓலை போட்டு மூடி ஒரு வாரம் ஆவுது. நீ எங்கேந்துய்யா கலசத்தைப் பார்த்த?”

அப்பா ஒரு நொடி திகைத்தார். “மேலருந்து பார்த்தா எல்லாம் தெரியும்பா” என்றார். தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வயசான கண்ணுக்கு ஓலை எங்கே, கலசம் எங்கே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு யாராவது கதை அளந்தால், ‘ஓலைக்குள்ள கலசம் பார்த்தியா’ என்று கேலி செய்வது எங்கள் தெருவில் வழக்கமாகிவிட்டது. அப்பா மறுபடி விமானம் ஏறவில்லை. கூப்பிட்டால் ஒரு தடவை பார்த்தாச்சு இல்ல என்பார். அடுத்த பாவு ஏறிவிட்டது. பதினோரு வருஷம் கழித்து அவர் போய்ச் சேரும்வரை அந்த ஏழு சுற்றுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், கலசத்தோடு சேர்த்தே.

நான் ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். ஸ்டெல்லா வந்திருந்தார். தலை நரைத்திருந்தது; பேத்தி பெயரைச் சொன்னார். எல்லாரும் கலைந்த பிறகு அந்தப் பாராட்டுக் கடிதத்தைப் பற்றி நானே பேச்செடுத்தேன். இத்தனை வருஷம் கழித்தாவது ஒப்புக்கொள்வோம் என்று, “அன்னிக்கி நீ என் பேச்சைக் கேக்காம தமிழ்ல சொன்னது நல்லதாப் போச்சும்மா” என்றேன்.

“நான் சொல்லல சார்.”

“பின்னே?”

“உங்கப்பாதான் சொன்னாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. நீங்க வேலையில இருக்கிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னாரு. இன்னிக்கி முடிஞ்சுது இல்ல.”

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் கூப்பிட்டு உத்தரவு போட்ட பிறகு, அவர் அப்பாவை இடம் மாற்றப் போயிருக்கிறார். அப்பா எழுந்திருக்கவில்லை. ஜன்னலைக் காட்டி, “யம்மா, சக்கரம் சரியா எறங்கலையா? அந்தக் காலு ஆடுது பாரு” என்று கேட்டிருக்கிறார். எங்கள் விமானத்தில் வலது பக்க ஜன்னலிலிருந்து அந்தக் கால் தெரியும். வாழ்நாள் முழுக்க ஒரு இழை தளர்ந்தாலும் கண்டுபிடிக்கும் கண் அது. நேராகக் கேட்டவரிடம் ஸ்டெல்லாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், நான் போட்ட உத்தரவு உட்பட.

“தோள் துண்டை எடுத்து நிதானமா மடிச்சாரு சார். அப்புறம், ‘நான் இருக்கறேன்னு அவன் கை தடுமாறக் கூடாதும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே அவன் நெனச்சிக்கினு இருக்கட்டும். ஊரைச் சுத்திக் காட்டினது போதும்னு நான் சொன்னேன்னு போய்ச் சொல்லு’ன்னாரு. அப்புறம்தான் நான் உள்ள வந்து உங்ககிட்ட சொன்னேன்.”

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அப்புறம் ஒவ்வொரு சீட்டா போனாரு சார். நூல்காரங்களுக்குத் தமிழ்ல, ஒரு பாட்டிம்மாவுக்குத் தெலுங்குல. ‘தறியில அறுந்த இழையைத் தேடறாப்ல தலையைக் கீழ போட்டுக்கோங்க, நிக்கற வரைக்கும் நிமிராதீங்க’ன்னு சொல்லிக் கொடுத்தாரு. அந்தப் பாட்டிம்மா கையைப் பிடிச்சிக்கினு பக்கத்துல நடு சீட்டுல உட்கார்ந்தவருதான், எறங்கற வரைக்கும் எழுந்திருக்கல.”

“ஜன்னல் பக்கம்?”

“ஜன்னலா? ஒரு தடவைகூடத் திரும்பல சார்.”

பிள்ளைகளே, துணை விமானியாக உட்காரும்போது நெல்லூர்க்காரர் கேட்டதைக் கேளுங்கள். மேலே இருப்பவன் கத்தினாலும் கேளுங்கள். அறிவிப்பு செய்யும்போது பின்னால் இருப்பவர்களுக்குப் புரிகிற மொழியில் செய்யுங்கள். யாருக்குத் தாங்காது, யாருக்குத் தாங்கும் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

அன்று விருந்து முடிந்து ஊருக்கு வந்ததும் எதிர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெரியவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, காது மந்தம். என் அப்பா அன்றைக்குக் கலசத்தைப் பார்க்கவில்லை, ஓலையையும் பார்க்கவில்லை, ஊரையே பார்க்கவில்லை என்று அவர் காதருகே உரக்கச் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்து, “தெரியும்பா, அதான் அன்னிக்கே சொன்னேனே” என்று சிரித்தார்.